தோள்வலி

ஓக்பூன் காகிதக் கதவின் கீழ் இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தாள். மேலே சட்டத்தில் கிழிசல் இருந்த இடத்துக்கு நேற்றே கஞ்சிப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டியாயிற்று. அப்பாவின் தலைமாட்டிலிருந்த வானொலிப் பெட்டியை எடுத்துக் கதவோரம் வைத்து, சத்தத்தை இன்னும் ஒரு திருகு ஏற்றினாள். குளிர்கால ஊறுகாய்க்கான முட்டைக்கோசுக்கு எந்த வாரத்தில் உப்புப் போட வேண்டும் என்று யாரோ ஒருவர் உள்ளேயிருந்து உற்சாகமாகக் கத்தினார். இதெல்லாம் குளிருக்காகச் செய்கிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியே நினைக்கட்டும்.

படுக்கையிலிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது.

"தோழா... ஏ தோழா..."

"அப்பா, மெதுவாப்பா. கெஞ்சிக் கேக்குறேன், மெதுவா."

அப்பாவின் பெயர் மான்சிக், 'நாம்' என்பது குடும்பப் பெயர். வயது ஐம்பத்தேழு. கல்லீரல் போய்விட்டது, கேட்டதைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பத்து நாளாகிறது. நினைவு தப்பி மூன்று நாள். நல்ல நாளிலேயே காலையில் இரண்டு வாக்கியம், மாலையில் இரண்டு வாக்கியம் என்று பேசுகிற மனிதர். ஆயுளெல்லாம் சேர்த்துவைத்த குரலையெல்லாம் இப்போது இந்த ஒரே வார்த்தையில் செலவழித்துக்கொண்டிருந்தார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஓக்பூன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இந்த வார்த்தைக்கு அழக்கூட முடியவில்லை, பயம்தான் வந்தது.

நாட்டை இரண்டாக அறுத்தபோது மலையும் ஆறும் ரயில் பாதையும் மட்டுமா அறுபட்டன? வார்த்தைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தோழன் வடக்கே போய்விட்டான், சிநேகிதன் தெற்கே தங்கிவிட்டான். அதற்கு முன்பு பம்பரம் விடுகிற பயல்களெல்லாம் ஒருவரையொருவர் தோழா என்றுதான் கூப்பிட்டார்களாம். இப்போது அந்த வார்த்தை வாயில் வந்தால் அது வடக்கத்தியான் பேச்சு, சிவப்புப் பேச்சு. சந்தேகப்படும்படி யாராவது பேசினால் உடனே தகவல் கொடுங்கள் என்று கூட்டுறவுக் கிடங்கின் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது. தகவல் கொடுப்பவருக்குப் பரிசும் உண்டு.

ஓக்பூனுக்கு எட்டு வயதில் அது தெரியாது. ஓடைக்கு அக்கரையில் நின்ற ஒரு பெண்ணை, "தோழி, வாடீ!" என்று கூவி அழைத்தாள். பின்னாலிருந்து வந்த அப்பா விட்ட அறையில் மூக்கில் ரத்தம் வந்தது. "சிநேகிதினு சொல்லு. சொல்லு!" என்று பத்துத் தடவை சொல்லவைத்தார். பிறகு அவரே ஓடைத் தண்ணீரை ஒற்றைக் கையால் அள்ளி அவள் மூக்கைக் கழுவினார். இடது கை. வலது கைதான் அவருக்கு மார்புக்கு மேல் எழும்பாதே. அவர் அவளை அடித்தது அந்த ஒரே தடவைதான்.

அந்த வார்த்தையை இருபத்தாறு வருஷமாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போது அறைந்து பூட்டியவரே திறந்துவிட்டார், அதுவும் எந்த வாரத்தில்!

தம்பி கிஹன் ரயில்வே குமாஸ்தா பரீட்சையில் தேறியிருந்தான். இருபத்துநாலு வயதில், இந்த வீட்டில் முதல்முதலாக மண்ணில் கால் வைக்காத சம்பளம். ஆனால் பரீட்சை எழுதியது பாதிக் கிணறுதான். குடும்பத்தில் யாராவது சிவப்பா, போரின்போது யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று போலீஸ் விசாரித்து எழுதிவிட்டால்தான் வேலை. அதற்கான தாள் ஊர்த்தலைவரிடம் வந்து எட்டு நாளாகிறது. அவர் எழுதி முத்திரை குத்த வேண்டும். கிஹன் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டான். "இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு" என்று சொல்லி மேசை இழுப்பறையைச் சாத்திவிட்டார். இன்று மத்தியான பஸ்ஸில் மஃப்டி போலீஸ்காரர் தாளை வாங்க நேரிலேயே வருகிறார்.

ஊர்த்தலைவர் வேறு யாராவதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கூ தால்சு. நெல் அரைக்கிற ஆலை அவருடையது. அந்தக் காலத்தில் ஊரில் பாதி வயல் அவர்கள் வீட்டுடையது, குத்தகை வசூலிக்க அவருடைய அண்ணன் வாசலில் வந்து நின்றால் பெண்கள் அரிசிப் பானையை ஒளிப்பார்கள். ஐம்பதாம் வருஷக் கோடையில் வடக்கத்திப் படை இறங்கியபோது அந்தக் கோபமெல்லாம் தடியெடுத்துக்கொண்டு எழுந்தது. அண்ணனை ஆலை வாசலிலேயே அடித்துக் கொன்றார்கள். மூன்று மாதத்தில் தெற்கத்திப் படை திரும்பி வந்தது. தால்சு அந்தப் படையின் ஆள் என்று கையில் பட்டை கட்டிக்கொண்டு அதனோடு வந்தார். அன்றிலிருந்து அப்பாவும் அவரும் பேசிக்கொண்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, அதில் கால் வைத்துத் தாண்டப் பதினாறு கல். அவர் கல்லில் வருவதைப் பார்த்தால் அப்பா கரையிலேயே முதுகைக் காட்டி நிற்பார். அப்பா ஏதோ செய்திருக்கிறார், அது அந்த மனிதருக்குத் தெரியும் என்று ஓக்பூன் தானாகவே முடிவு கட்டியிருந்தாள். யாரையும் கேட்டதில்லை. இந்த ஊரில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் யாரும் கிடையாது.

"தோழா!"

அதே நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு யொங்ஜாவின் அம்மா, மிளகாய் விழுதில் சிவந்த கையோடு, பச்சைப்பயறுக் கஞ்சிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

"என்னடி இது, ரேடியோ இந்த அலறு அலறுது? சாகப் போற மனுசனுக்கு முட்டைக்கோசு வெவசாயம் கத்துக் குடுக்கறியா?"

"பேச்சுத் துணையா இருக்கட்டும்னு வச்சேன் அக்கா."

"கதவுக்கு வேற போர்வை. மூச்சு முட்டாதா அவருக்கு?" கிண்ணத்தைக் கீழே வைத்தவள் காதைத் தீட்டினாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "ஓக்பூன்... இப்ப என்ன சொன்னாரு அவரு?"

ஓக்பூனின் வாய் எங்கிருந்தோ ஒரு பதிலைப் பிடித்துவிட்டது.

"தோளு அக்கா. தோளு. தோள் வலிக்குதாம். தோளா, தோளானு அதையேதான் விடிஞ்சதுலேர்ந்து சொல்லிட்டிருக்காரு."

"அட பாவமே." அவள் முகம் இளகியது. "அந்தத் தோளுதானே. அன்னைக்கு அடிபட்ட அடி, சாகற வரைக்கும் விடுமா?"

"என்னைக்கு அடிபட்டது? மாட்டு வண்டியிலேர்ந்து விழுந்ததுனுதானே அப்பா சொல்லுவாரு?"

யொங்ஜாவின் அம்மாவுக்குத் திடீரென்று கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது. "வண்டிதான், வண்டிதான். நான் எங்கே கண்டேன்? நான் கல்யாணமாகி வந்ததே அப்புறம்தானே" என்றாள். அவள் பெண் யொங்ஜா பிறந்தது போருக்கு மூன்று வருஷம் முன்பு. ஓக்பூன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பொய் நன்றாகத்தான் வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. யொங்ஜாவின் அம்மாவிடம் ஒரு செய்தியைக் கொடுத்தால் தனியாக ஒலிபெருக்கி தேவையில்லை. அரை மணி நேரத்தில் அது ஓடையைத் தாண்டிவிட்டது. ஊர்த்தலைவரின் ஒலிபெருக்கி வழக்கம்போல உப்பு மூட்டை வந்த விவரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது, பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று. சற்று நேரத்தில் பதினாறு கல்லையும் தாண்டி வந்து, தால்சு வாசலில் நின்றார். கையில் தைல டப்பா இருந்தது.

"தோள் வலிக்குதாமே" என்றார்.

இந்த வாசலை அவர் மிதித்து ஓக்பூன் பார்த்ததில்லை. வழியை மறிக்கவும் முடியாது, ஊர்த்தலைவர். சாகக் கிடப்பவரைப் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கமும் இல்லை.

"இப்பதான் கண் அசந்தாரு தலைவரே. அப்புறமா..."

"அசந்தா அசரட்டும். தேய்ச்சுவிட்டுட்டுப் போறேன்."

செருப்பைக் கழற்றி வாசற்கல்லின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அடியில் அடுப்புச் சூடு ஓடி வெதுவெதுப்பான தரையில் படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். மான்சிக்கின் கண் திறந்துதான் இருந்தது, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தால்சு அந்த முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"ரேடியோவை நிறுத்து."

"அப்பாவுக்கு அது கேக்கப் பிடிக்கும்."

"முட்டைக்கோசா? உங்கப்பனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அது ஆகாது. ஒரு வாய் தின்னா வயிறு மத்தளமா ஊதிக்கும்."

ஓக்பூன் நிறுத்தினாள். வீடு முழுக்க அமைதி இறங்கியது. அந்த அமைதியில் ஒரு வார்த்தை விழுந்தால் வாசல் வரைக்கும் கேட்கும்.

தால்சு மேல்சட்டையை விலக்கப் போனவர் வலது தோளைப் பார்த்து நிறுத்தினார். அங்கே தையல் இல்லை. கழுத்திலிருந்து கை வரைக்கும் பிரித்து, மூன்று நாடா வைத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"இது என்ன?"

"கை மேல வராதில்லையா, சட்டை போட முடியாது. அதனால தோளைப் பிரிச்சு நாடா வச்சிடுவோம். அம்மா இருந்தவரைக்கும் அம்மா வச்சாங்க. இப்ப நான். அவரோட எல்லாச் சட்டையும் இப்படித்தான்."

"எல்லாச் சட்டையுமா" என்றார் தால்சு.

மூன்று முடிச்சையும் அவிழ்த்து, தைலத்தை உள்ளங்கையில் சூடேற்றித் தேய்க்கத் தொடங்கினார். எலும்பு ஒரு பக்கமாக ஏறிக் கூடியிருந்த தோள் அது. கைக்கு அந்த இடம் தெரிந்ததுபோலச் சரியாக அங்கேயே போய் நின்றது.

"தோழா" என்றார் மான்சிக், தெள்ளத் தெளிவாக.

"பாருங்க தலைவரே, நீங்க தொட்ட எடத்தையே சொல்றாரு. தோளுனு."

"ஓக்பூன், எனக்கு வயசாச்சு. காது இன்னும் போகல."

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். கிஹனின் புதுச் சட்டை, அவன் எண்ணெய் போட்டு வைத்திருக்கிற ஒரு ஜோடி தோல் செருப்பு, எல்லாம். நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"நெனவில்லாம பேசறாரு தலைவரே. எங்கப்பாவுக்கு எந்தக் கட்சியும் தெரியாது. தம்பி பாவம், ராத்திரி பகலாப் படிச்சான். நீங்க மனசு வச்சாத்தான் உண்டு. இதை யார்கிட்டயும்..."

"எந்திரி. யாரைக் கூப்பிடறான்னு நீ நெனைக்கிறே?"

"எனக்குத் தெரியாது."

"அந்தக் கோடையில உங்கம்மா கிழங்குக் குழிக்குத் தினம் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டு போவாங்களே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு நினைவிருந்தது. அப்போது ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அரை வயிறு, குழிக்கு மட்டும் முழுக் கிண்ணம். "குழியில ஒரு பெரிய எலி இருக்குனு அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

"பதினோரு நாள். அந்த எலி நான்தான்."

தேய்க்கிற கை நிற்கவில்லை. அவர் பேசியதும் அந்தத் தோளைப் பார்த்துத்தான்.

"எங்க அண்ணனை அடிச்சவங்க என்னையும் தேடினாங்க. உங்கப்பன் குழியில போட்டுக் கிழங்கை மேல கொட்டி வச்சிருந்தான். எங்க வீட்டுக்குக் குத்தகை அளந்து அளந்து முதுகு வளைஞ்சவன். அவனுக்கென்ன, ஒரு வார்த்தை காட்டிக் குடுத்திருந்தா ரெண்டு வயல் அவன் பேருக்கு வந்திருக்கும். அப்புறம் தெற்கத்திப் படை திரும்பி வந்துச்சு. பள்ளிக்கூட மைதானத்துல எல்லாரையும் உக்காரவச்சாங்க. உங்க சித்தப்பன் மான்ஹோ, அவன் வடக்கத்தியானுக்கு அரிசி மூட்டை தூக்கினவன். தூக்காட்டி சுட்டிருப்பான், தூக்கினான். பட்டியல்ல பேரு. லாரியில ஏத்தறாங்க. நான் அந்த மேஜர் பக்கத்துல நிக்கறேன், கையில பட்டையோட. உங்கப்பன் கூட்டத்துல எந்திரிச்சான்."

வெளியே எங்கோ யாரோ முட்டைக்கோசைப் பிளக்கிற சத்தம் கேட்டது.

"நாங்க பொறந்ததுலேர்ந்து கூப்பிடற மாதிரியே கூப்பிட்டான். 'தோழா! என் தம்பியை விடச் சொல்லு தோழா!'னு. அவனுக்கு வேற என்ன சொல்லிக் கூப்பிடத் தெரியும்? மேஜர் திரும்பி என்னைப் பாத்தாரு. 'யாருடா இங்கே யாருக்குத் தோழன்?'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு இங்கே தோழன் யாருமில்லைனு சொன்னேன்."

தோளில் துப்பாக்கிக் கட்டை இறங்கியதை அவர் சொல்லவில்லை. லாரி எந்த மலைக்குப் போயிற்று என்றும் சொல்லவில்லை. சித்தப்பா குடும்பப் பதிவில் இன்றைக்கும் 'காணாமல் போனவர்'. இறந்த நாள் தெரியாததால் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அவருக்குச் சோறு வைக்கிறார்கள்.

"தண்ணி ஏறுது தோழா" என்றார் மான்சிக். நல்ல குரலில், கொஞ்சம் அவசரமாக. "கல்லு தெரியல. கையைக் குடு... தோழா..."

தால்சுவின் வாய் திறந்தது. ஓக்பூன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பதில் சொல்லுங்களேன், ஒரு 'ம்' போதுமே என்று இருந்தது. வாய் மூடிக்கொண்டது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, சிகரெட் பிடிக்கப் போகிறவர்போல முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

விஷயம் தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்பா கூப்பிடுவது ஒரு பழைய சிநேகிதனை, கட்சிக்காரனை அல்ல, சரி. ஆனால் போலீஸ்காரர் கதை கேட்கவா வருகிறார்? அவருக்கு வார்த்தைதான் கணக்கு. போதாக்குறைக்கு இந்த மனிதர் மேசையில் அந்தத் தாள் ஒரு வரி நிரம்பாமல் கிடக்கிறது. தன் குற்றத்தைப் பார்த்தவனின் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? தைலம் தேய்த்த கைதான் அன்றைக்குப் பட்டையும் கட்டியிருந்தது.

பஸ்ஸின் ஊதல் கேட்டது. ஓக்பூன் கதவுக்கு ஓடினாள். மேட்டுப் பாதையில் கிஹன் வந்துகொண்டிருந்தான், கையில் வலிக்கு ஊசி மருந்துப் பொட்டலம். அவனோடு தோளுக்குத் தோளாக, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞர். அவர் என்னவோ கேட்க, கிஹன் தலையைத் தலையை ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். இன்னும் ஐம்பது அடி.

"தோழா!"

இது இதுவரை வந்ததையெல்லாம்விடப் பெரிய குரல். கூரை அதிர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"அப்பா, போதும்ப்பா!"

"தோ..."

ஓக்பூன் பாய்ந்து விழுந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

மீதி வார்த்தை அவள் கைக்குள் சூடாக வந்து மோதியது. உதடுகள் அசைந்ததைத் தோலில் உணர்ந்தாள். கண்கள் கூரையிலிருந்து இறங்கி அவளைப் பார்த்தன. மூன்று நாளில் முதல் தடவையாக அவளைத்தான், ஓக்பூனைத்தான் பார்த்தன. அவற்றில் கோபமில்லை. ஏதோ புரிந்ததுபோல, இது சரிதான் என்பதுபோல, மெல்ல ஒரு தடவை மூடித் திறந்தன. அவள் தீயைத் தொட்டவள்போலக் கையை எடுத்துவிட்டாள். எத்தனை நேரம் பொத்தியிருந்தாள், மூன்று மூச்சா, நான்கு மூச்சா? பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தும் அவளுக்குக் கணக்கு வரவில்லை.

"அப்பா, கூப்பிடுங்கப்பா. கூப்பிடுங்க, பரவாயில்ல" என்றாள். அவர் கூப்பிடவில்லை. ஐந்தாறு மூச்சு நிதானமாக வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள்.

கிஹன் உள்ளே வந்து பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். அவன் வாய் கோணியது. ஓக்பூன் அவன் கையைப் பிடித்தாள். "அழாதே. உயிரைக் கூப்பிட்டு முடியற வரைக்கும் அழக் கூடாது."

அது ஊர் வழக்கம். போன உயிர் பக்கத்தில்தான் நிற்கும். ரத்த உறவில்லாத ஒருவர் செத்தவரின் சட்டையை எடுத்துக்கொண்டு கூரை ஏறி, வடக்கே பார்த்து மூன்று தடவை கூப்பிட வேண்டும். வரவில்லையென்றால்தான் சாவு, அப்புறம்தான் அழுகை. வடக்கே பார்த்துக் கத்துவது என்றால் இந்த நாட்டில் இதற்கு ஒன்றுக்குத்தான் அனுமதி.

முற்றத்தில் யொங்ஜாவின் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர். மஃப்டிக்காரர் வாசலுக்கு வெளியே, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"யாரைக் கூப்பிடச் சொல்றது அக்கா?" என்று ஓக்பூனைக் கேட்டான் கிஹன். "மேலத் தெருப் பெரியவருக்குக் காலு முடியாதே."

தால்சு அணைந்த சிகரெட்டைக் கல்லில் தேய்த்துப் போட்டார். "அவன் சட்டை ஒண்ணு குடு" என்றார்.

இந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். கிஹனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, அவன் சட்டையை எடுக்க நகர்ந்தான். ஓக்பூன் அவனுக்கு முன்னால் போய், பெட்டியிலிருந்து வெள்ளை மேல்சட்டையை எடுத்தாள். ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு கொடுத்தாள்.

தால்சு ஏணியில் ஏறினார். ஐம்பத்தேழு வயது முழங்கால், ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. புதிதாகப் போட்ட சிமெண்ட் தகட்டுக் கூரையின் உச்சியில் போய் நின்றார். காற்று சட்டையைப் பிடுங்கப் பார்த்தது. இடது கையால் அதன் கழுத்தையும் வலது கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வடக்கே திரும்பினார்.

"நாம் மான்சிக்! திரும்பி வா!"

ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்தான். உப்பு மூட்டை வந்திருக்கிறது என்பதுபோலவே இருந்தது.

"நாம் மான்சிக், திரும்பி வா."

இது கொஞ்சம் தாழ்ந்து வந்தது. மூன்றாவது வரவில்லை. கீழே நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சட்டையின் பிரிந்த தோளில் மூன்று நாடாக்களும் காற்றில் அடித்துக்கொண்டன. ஓக்பூன் மஃப்டிக்காரரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். வேண்டாம், வேண்டாம், என் தம்பி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூப்பிடுங்கள், கூப்பிடுங்கள் என்றும் அதே நெஞ்சுதான் அடித்துக்கொண்டது.

"தோழா!" என்று கத்தினார் தால்சு. அது ஊர்த்தலைவரின் குரலே அல்ல. "தோழா! திரும்பி வா! ஏ தோழா!"

அக்கரையில் முட்டைக்கோசு பிளக்கிற சத்தமும் நின்றுபோயிற்று. யொங்ஜாவின் அம்மா சிவந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஃப்டிக்காரர் இரண்டடி எடுத்து ஓக்பூன் பக்கத்தில் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் கிஹனைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். "கடைசியா கூப்பிட்டது..." என்று மெல்லக் கேட்டார், "யாரை?"

பொய் நாக்கில் தயாராக இருந்தது. காலையிலிருந்து நன்றாகப் பழகிய பொய். அவள் வலது உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது.

"எங்கப்பாவை" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். நோட்டுப் புத்தகம் இருந்த கோட்டுப் பையில் கை போயிற்று. வெளியே எதையும் எடுக்காமல் கை அங்கேயே இருந்தது. அவர் எந்த ஊரோ, எந்த வீட்டுப் பிள்ளையோ.

அதற்குப் பிறகுதான் "ஐயோ" என்று கிஹன் வெடித்தான். வீடு முழுக்க அழுகை ஏறியது.

தால்சு இறங்கி வந்ததும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று நினைத்திருந்தது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. ஓக்பூன் எட்டிப் பார்த்தாள். எல்லா வரியும் நிரம்பியிருந்தது. சான்று சொல்பவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட ஒரே ஒரு வரிதான் காலி.

சுவரில் தாளை வைத்து, அந்த வரியில் சிநேகிதன் என்று எழுதினார். முத்திரையை வாய்க்கருகில் கொண்டுபோய் ஊதி, அழுத்திக் குத்தினார்.

"இது உங்களுக்கு வேண்டிய வார்த்தை" என்று நீட்டினார். "மேல நின்னு சொன்னது அவனுக்கு. அதைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா என்னைக் கூப்பிட்டு அனுப்புங்க. இந்தப் பையனை ஒண்ணும் கேக்காதீங்க."

"நான் தாளை வாங்க வந்தேன்" என்றார் அந்த இளைஞர். மை காய வேண்டுமென்று கொஞ்ச நேரம் விரித்துப் பிடித்திருந்தார். பிறகு மடித்துப் பையில் வைத்து, பிணம் கிடக்கிற அறையைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே போனார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவர் முகத்தில் ஓக்பூனால் படிக்க முடியவில்லை. அடுத்த பஸ் நாலு மணிக்கு.

கூப்பிட்ட சட்டையைச் செத்தவரின் மேல் போர்த்த வேண்டும். தால்சு படியில் உட்கார்ந்து அதை மடியில் விரித்தார். தோள் திறந்து கிடப்பதைப் பார்த்தார். நாடாவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். தைல வழுக்கல் போகாத விரல், முதல் முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டார், மறுபடியும் நழுவியது. ஓக்பூன் எதிரே குந்தி, வலது கையை நீட்டி, முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கட்டினார். இன்னும் இரண்டு நாடா இருந்தது.